மணி குறிக்காத நாட்கள்

ஜனவரி 7, ஞாயிறு

மாலை 6.15. மருந்துக் கம்பெனிக்காரர் வார்டில் கொடுத்துவிட்டுப் போன டைரி இது. அட்டையில் நெஞ்செரிச்சல் மாத்திரை விளம்பரம். எனக்குப் பொருத்தம்தான். இந்த டைரியில் சிவப்பு மை படாது. அதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.

அமலோற்பவம். வயது ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். கணவர் ராயப்பன், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், எங்கள் கோயில் பங்குப்பேரவையின் துணைத் தலைவர், ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பவர். ஒரே மகள் ஜெனோவாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காலையில் ஒரு பையோடு வீட்டைவிட்டு வந்தேன். இப்போது ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு மாடி அறை.

திரும்பப் படித்தால் நோயாளியை வார்டில் சேர்த்த குறிப்பு மாதிரி இருக்கிறது. பழக்கம் விடுமா? நர்ஸ் எழுதும் குறிப்பில் மணி இருக்க வேண்டும். மணி போடாத குறிப்பை எங்கள் வார்டில் குறிப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டோம். வீட்டு டைரியிலும் இருபது வருஷமாக அப்படித்தான் எழுதி வருகிறேன்.

ஜனவரி 9, செவ்வாய்

காலை 5.50. துணி துவைத்தேன். போன ஆகஸ்டில் உடைந்த இடது மணிக்கட்டு இன்னும் பிழிய விடமாட்டேன் என்கிறது. சொட்டச் சொட்டக் கொடியில் போட்டேன். கீழ்வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டிருந்தார், அவர் தலையில் மழை. மேலே பார்த்து, உங்க வீட்டுக்காரர் எப்ப வருவார் என்று கேட்டார். வரமாட்டார் என்றேன். துணிக்குக் கீழே ஒரு வாளி வைக்க வேண்டும்.

ஜனவரி 13, சனி

மாலை 7.05. வக்கீல் பேச்சியம்மாளைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். மேசையில் கட்டுக் கட்டாகக் கேஸ், நடுவில் பாதி கடித்த முறுக்கு.

விவாகரத்தா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சேர்ந்து வாழப் போகிறீர்களா என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அப்படி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறதாம். நீதிமுறைப் பிரிவு என்று பெயர். கல்யாணம் அப்படியே நிற்கும். ஆனால் சேர்ந்து வாழ வேண்டிய கட்டாயம் போய்விடும். வா என்று அவர் கூப்பிட முடியாது. இரண்டு பேரும் வேறு கல்யாணம் செய்ய முடியாது. தீர்ப்பு நாளிலிருந்து நான் சம்பாதிக்கும் சொத்துக்கு நான் கல்யாணமாகாதவள் மாதிரி. உயில் எழுதாமல் நான் செத்துப்போனால், அந்தச் சொத்து, கணவர் முன்னாலேயே செத்துப்போயிருந்தால் யாருக்குப் போகுமோ அவர்களுக்குப் போகும். கிறிஸ்தவர்களுக்கான சட்டத்தில் அப்படியே எழுதியிருக்கிறதாம். சொத்து விஷயத்தில் மட்டும் செத்தவர், ஞாயிறு பூசையில் உயிரோடு வாசிப்பார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் சும்மா கிடைக்காது. வேறொருத்தியோடு தொடர்பு, இரண்டு வருஷம் கைவிட்டுப் போனது, கொடுமை, இவற்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். பிறகு என் கையைப் பார்த்தார்.

"எப்படி உடைஞ்சது சிஸ்டர்?"

"குளியலறையில வழுக்கி விழுந்ததா ஆஸ்பத்திரி ரிக்கார்டுல எழுதியிருக்கு."

"எழுதியிருக்கது இருக்கட்டும். எப்படி உடைஞ்சது?"

மின்விசிறியைப் பார்த்தேன். ஒரு இறக்கை லேசாக வளைந்திருந்தது. அவர் முறுக்கினார் என்றேன். இரண்டு வார்த்தை. சொல்வதற்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது.

டிசம்பர் 27ஆம் தேதி வலது கையைப் பிடித்தார் என்பதையும் சொன்னேன். அன்றைக்கு முறுக்கவில்லை, பிடித்து மட்டும் வைத்திருந்தார். அந்தக் கையும் போனால் ஊசி போட முடியாது, கட்டுப் போட முடியாது. மறுநாள் கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பூசைக்குப் போனேன். அவர்தான் முதல் வாசகம். அந்தக் குரல் என்னை ஒன்றும் செய்யவில்லை. அழவில்லை.

பிப்ரவரி 10, சனி

மாலை 5.40. மனு போட்டாகிவிட்டது. அண்ணன் சூசைமரியான் சாத்தான்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்தான், ஒரு சீப்பு நாட்டுப்பழத்தோடு. என்னைவிட ஆறு வயது மூத்தவன். அவனோடு சண்டை போட்டதே கிடையாது. இன்றைக்குப் போட்டேன்.

மச்சான் மாதிரி ஒரு மனுஷன் ஊரில் கிடையாது என்றான். நீ விழுந்து கையை உடைத்துக்கொண்டபோது ஆட்டோ பிடித்து ஓடினவர் அவர்தானே என்றான். ஆமாம், அவர்தான் ஆட்டோ பிடித்தார். முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவரிடம் தண்ணீர்த் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

நான் விழவில்லை என்று சொன்னேன். அண்ணன் பழத்தை உரிப்பதை நிறுத்தினான். பிறகு அவன் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"சரி, அப்படியே இருக்கட்டும். அத எதுக்கு கோர்ட்டுல எழுதணும் உற்பவம்? நீ பாட்டுக்கு தனியா இரி. யாரு கேக்கா?"

"நான் கேக்கேன் அண்ணே," என்றேன்.

பழத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலை 10.20. புதன்கிழமை கோயிலில் தவக்காலச் சாம்பல் பூசும்போதே இரண்டு பெண்கள் குசுகுசுத்தார்கள். இன்றைக்கு நன்மை வாங்க நற்கருணை வரிசையில் நின்றபோது, பங்கின் ஜெபக் குழுவான மரியாயின் சேனையின் தலைவி என் முழங்கையைத் தொட்டு, "நீங்க வாங்கக் கூடாதுல்லா சிஸ்டர்," என்றார். கேஸ் போட்டவர்களுக்கு நற்கருணை கிடையாதாம். சொன்னது யார் என்று கேட்டேன். ராயப்பன் சார்தான் வருத்தப்பட்டுச் சொன்னாராம். நான் வரிசையிலிருந்து விலகி வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். விலகி வந்ததுதான் இப்போதும் ஆத்திரமாக இருக்கிறது.

பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் நேரே போனேன். நல்ல மனுஷன், வம்பு என்றால் பயம். முதலில் மன்னிப்பு, பொறுமை, திருக்குடும்பம் என்று சுற்றி வந்தார். சாமி, எனக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும் என்றேன்.

"விவாகரத்து ஆகி இன்னொரு கல்யாணம் பண்ணினாதான் சிக்கல். ஆபத்து இருந்தா பிரிஞ்சு இருக்கலாம்னு திருச்சபைச் சட்டமே சொல்லுது. நீங்க தாராளமா வாங்கலாம்."

"அத பீடத்துல நின்னு சொல்லுங்க சாமி."

அவர் அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறு நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

காலை 9.10. வாங்கினேன். முதல் ஆள்.

மார்ச் 28, பெரிய வியாழன்

இரவு 8.00. பாதம் கழுவும் சடங்குக்கு வழக்கம்போலப் பன்னிரண்டு ஆண்கள். மூன்றாவது நாற்காலியில் அவர், வெள்ளை வேட்டி சட்டை. சாமியார் முட்டிபோட்டுத் தண்ணீர் ஊற்றியபோது வலது காலை நீட்டினார். சாமியார் அதைத் துடைத்து முத்தமிட்டார். அந்தக் காலை எனக்கும் தெரியும்.

வரும் வழியில் இட்லி மாவு வாங்கினேன்.

ஏப்ரல் 17, புதன்

மாலை 6.30. குடும்ப நீதிமன்றத்தில் இன்று சமரசப் பேச்சு. ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் புறாப் படம். அவர் என் பழைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்து உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். நீ இல்லாமல் வீட்டில் விளக்கு வைக்க மனசு வரவில்லை என்றார். உற்பவம் என்று கூப்பிட்டார். சுருக்கிக் கூப்பிட்டாலும் ஒவ்வொரு எழுத்தாக, எதையும் விழுங்காமல் சொல்வார். பேச்சு நடத்திய ஆலோசகருக்குக் கண் கலங்கிவிட்டது.

கை உடைந்ததைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அவரிடம் கேட்டேன். அவள் விழுந்ததுதான் என் வேதனை என்று ஆலோசகரைப் பார்த்துச் சொன்னார். சமரசம் முறிந்தது என்று எழுதச் சொன்னேன்.

என்னைத் தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று அவர் தரப்பில் எதிர்மனு போட்டிருக்கிறார்கள். கோர்ட்டு நான் சொல்வதை நம்பவில்லை என்றால், அந்த வீட்டுக்கே போ என்று சொல்லிவிடலாம். பேச்சியம்மாள் இதை மறைக்காமல் சொன்னார்.

ஏப்ரல் 18, வியாழன்

நேற்று நன்றாகத் தூங்கினேன். திரும்பிப் போகலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

மே 19, ஞாயிறு

மாலை 5.15. ஜெனோவா இரண்டு நாள் லீவில் வந்து போனாள். வந்ததும் அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். சுற்ற நான்கு அடிதான். ஃபேன் வாங்கிக் கொடுத்தாள், கரப்பான் மருந்து அடித்தாள், மீன் வாங்கி வந்து குழம்பு வைத்தாள். புளி கூடிவிட்டது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

அவள் கோபம் வேறு. ஏன் முழுசாக விடவில்லை என்பது. அவரை விட்டுவிட்டு அவர் பெயரை மட்டும் எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். என் வார்டில் சின்ன நர்சுகளும் இதையேதான் கேட்கிறார்கள். பாதிக் கிணறு தாண்டுகிறேனாம்.

"அவருக்குப் பயந்துதான இத கேக்க? இல்ல, ஊருக்குப் பயந்தா?" என்றாள் ஜெனோவா.

"பீடத்துக்கு முன்னால வாக்கு குடுத்தது நான். அது என் வாக்கு. அவரு அவரோடத உடைச்சாரு. அதுக்காக நான் எதுக்கு என்னோடத உடைக்கணும்? ஆனா அடி வாங்குதேன்னு அதுல நான் சொல்லல ஜெனோ. சொல்லாதத செய்ய மாட்டேன். அவ்வளவுதான்."

அவளுக்கு இது பிடிபடவில்லை. பிடிபட வேண்டும் என்றும் இல்லை. அவள் இருபத்துநாலு வயதில் எல்லாவற்றையும் கத்தரிக்கோலால் வெட்டலாம் என்று நினைக்கிறாள்.

போகும்போது வாசலில் நின்று, நான் சாட்சி சொல்கிறேன் அம்மா என்றாள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது கதவு இடுக்கில் பார்த்தாளாம். எத்தனை முறை என்றும் சொன்னாள். எனக்குத் தெரியாது, அவள் எண்ணியிருக்கிறாள் என்று. வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு எதிராக மகளைக் கூண்டில் ஏற்றமாட்டேன். இது என் கேஸ்.

ஜூன் 20, வியாழன்

மாலை 7.30. இடி விழுந்தது இன்றைக்குத்தான்.

அவர் தரப்பில் ஆவணம் தாக்கல் செய்திருக்கிறார்கள். என் போன வருஷத்து டைரி. பையில் இடமில்லை என்று அலமாரியிலேயே விட்டுவந்தேன். அதில் மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மார்ச்சில் அலமாரிக் கதவு நெற்றியில் இடித்தது. ஜூனில் படியில் கால் இடறியது. ஆகஸ்ட் 12இல் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். மூன்றும் என் கையெழுத்து.

பேச்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் இப்படி எழுதினீர்கள் என்றார்.

அவர் படிப்பார் என்றேன். தினமும் சாப்பாடு முடிந்ததும், மாணவன் நோட்டைக் கேட்பது மாதிரி கையை நீட்டுவார். டைரியைக் கொடுப்பேன். படித்துவிட்டுப் பக்கத்தின் அடியில் சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டு, 'ரா' என்று சுருக்கொப்பம் வைப்பார். பள்ளியில் ஆசிரியர்களின் பாடக்குறிப்புக்கு வைப்பது போல. இருபது வருஷம். முதல் வருஷம் அதை அன்பு என்று நினைத்தேன். பிறகு எது எழுதினால் டிக் விழும் என்று தெரிந்துகொண்டேன்.

அப்படியென்றால் நிஜத்தை எங்கேயாவது எழுதினீர்களா என்று கேட்டார். இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டிலும் நானேதான் விழுந்ததாகச் சொன்னேன். வார்டு சிஸ்டர் சொன்னால் டாக்டர் ஏன் சந்தேகப்படப் போகிறார்? எனக்கு எதிராக இருக்கும் சாட்சி நான் ஒருத்திதான்.

ஜூன் 23, ஞாயிறு

பயமாக இல்லை.

ஜூலை 15, திங்கள்

மாலை 6.00. எதிர்த்தரப்பிலிருந்து ஒரு யோசனை வந்திருக்கிறது, அண்ணன் வழியாக. கேஸை வாபஸ் வாங்கிவிட வேண்டும். சட்டம் கேட்கும் காலம் வரை காத்திருந்து, இரண்டு பேரும் சேர்ந்து மனம் ஒத்து விவாகரத்துக் கேட்கலாமாம். அவர் தடை சொல்லமாட்டாராம்.

கோயிலே பெரிது என்கிற மனுஷன், பிரிவு தரமாட்டேன், விவாகரத்து தருகிறேன் என்கிறார். பேச்சியம்மாள்தான் விளக்கினார். மனம் ஒத்த விவாகரத்தில் யார் தப்பு என்று கோர்ட்டு எழுதாது. நான் கேட்கும் பிரிவில், கொடுமை நடந்தது என்று நீதிபதி எழுதினால்தான் தீர்ப்பு. அவருக்கு நான் போவது பிரச்சனை இல்லை. எழுதப்படுவதுதான் பிரச்சனை.

நல்ல வாய்ப்பு, தோற்றுவிட்டால் அந்த வீட்டுக்கே போக வேண்டியிருக்கும், யோசியுங்கள் என்றார் பேச்சியம்மாள். அவர் வேலை அது, சொல்லத்தான் வேண்டும். அண்ணன் போனில் கெஞ்சினான்.

எழுதணும் என்றேன். இரண்டு பேரிடமும் அதையே சொன்னேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மாலை 5.30. கை இன்னும் சூடாக இருக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

11.20க்குக் கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் மரியாதையானவர், அம்மா என்றுதான் பேசினார். கணவர் எனக்கு வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டர், மகளைப் படிக்க வைத்தது, என் அம்மாவின் கடைசிக் காலத்தில் கூட நின்றது, எல்லாவற்றையும் கேட்டார். எல்லாம் உண்மை, ஆமாம் என்றேன். பிறகு டைரியைக் கையில் கொடுத்தார். ஜெராக்ஸ் இல்லை, அசல். ஏழு மாதத்துக்குப் பிறகு தொடுகிறேன். ஆகஸ்ட் 12ஐ வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"இது உங்க கையெழுத்துதானம்மா?"

"ஆமா."

"அப்ப எழுதினது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யா?"

"எழுதினது பொய்."

"சொந்த டைரியில தனக்குத்தானே பொய் எழுதிக்கிற மனுஷி, கோர்ட்டுல மட்டும் உண்மை பேசுவாங்களா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பேச்சியம்மாள் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது, மறந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டினேன். ஷிப்ட் மாறும்போது கேஸ் ஷீட்டைப் புரட்டுவோமே, அந்தக் கைதான். ஆகஸ்ட் 11, காலை 5.45. ஆகஸ்ட் 13, மாலை 7.10. நடுவில் 12. மணி இல்லை.

மார்ச்சுக்குப் போனேன். ஜூனுக்குப் போனேன். எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பொய்யை எழுதச் சம்மதித்த கை, மணி போட மட்டும் சம்மதிக்கவில்லை.

நீதிபதி அம்மாவைப் பார்த்து, இதைக் கொஞ்சம் பாருங்கள் என்று நீட்டினேன். வக்கீல் ஏதோ சொல்ல வந்தார், நீதிபதி கையமர்த்தினார்.

"நான் நர்ஸுங்க. கண்ணால கண்டத எழுதினா மணி போடுவேன். அந்த டைரியில நான் எழுதின எல்லாப் பக்கத்துலயும் மணி இருக்கும். மூணு பக்கத்துல மட்டும் இருக்காது. அந்த மூணு பக்கத்தத்தான் அவிய கொண்டு வந்திருக்காவ."

நீதிபதி ஜனவரி ஒன்றிலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாக. கோர்ட்டில் தாள் சத்தம் மட்டும். 11.52 முதல் 12.07 வரை. எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது.

முடித்துவிட்டு, அடியில் இருக்கும் சிவப்பு டிக் யார் போட்டது என்று கேட்டார். ஜெராக்ஸில் அது கறுப்பாக விழுந்திருந்தது, அதனால் எதிர்த்தரப்பில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டுக்காரர் என்றேன். எதிர்த்தரப்பு வக்கீல் முதல் முறையாக அவர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 4, புதன்

மாலை 5.50. இன்று அவர் முறை. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தபோது கோர்ட்டு டவாலிகூட நிமிர்ந்து பார்த்தார். குரல் அப்படி.

பேச்சியம்மாள் டைரியை நீட்டி, டிக் உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றார். முப்பத்துநாலு வருஷப் பழக்கம், கையில் வந்த நோட்டைப் பார்த்தால் கையொப்பம் போட்டுத்தான் வைப்பாராம்.

"வீட்டம்மா டைரியையும் திருத்துவீங்களா சார்?"

"திருத்த மாட்டேன். பார்வையிடுவேன். என் வீட்டுல எழுதுற எதையும் நான் பாக்காம விட்டதில்ல."

"பாத்தது சரியில்லன்னா?"

"மறுபடி எழுதச் சொல்லுவேன். யாரா இருந்தாலும் அதுதான் ஒழுங்கு."

பேச்சியம்மாள் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். தான் சொன்னது என்ன என்று கூண்டில் நின்ற அவருக்குப் புரியவே இல்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது, வாசகத்தை நன்றாக வாசித்து முடித்த முகத்தோடு இறங்கினார்.

வாளி ஓட்டையாகிவிட்டது. புதுசு வாங்க வேண்டும்.

நவம்பர் 20, புதன்

மாலை 4.45. நீதிமுறைப் பிரிவு வழங்கப்பட்டது. அவருடைய எதிர்மனு தள்ளுபடி.

தீர்ப்பின் ஆறாவது பக்கத்தில் இருக்கிறது: கொடுமை நிரூபிக்கப்பட்டுள்ளது. மூன்று தேதிகளையும் எழுதியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 12க்கு எதிரே, 'கணவர் மணிக்கட்டை முறுக்கியதால்' என்று இருக்கிறது. அந்த வரியை நான்கு முறை படித்தேன். யாரும் டிக் போடவில்லை.

வராந்தாவில் அவர் வழி மறித்து நின்றார். அண்ணனும் அங்கே இருந்தான்.

"உற்பவம், இப்பவும் நீ என் பொண்டாட்டிதான். அத எந்தக் கோர்ட்டும் மாத்தல."

"ஆமா. மாத்தச் சொல்லி நான் கேக்கவே இல்லயே. வழிய விடுங்க."

விட்டார். அண்ணன் என் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தான். பஸ் ஏறும் முன் என் இடது மணிக்கட்டை, பச்சைக் குழந்தையைத் தொடுவது மாதிரி, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

நவம்பர் 24, ஞாயிறு, கிறிஸ்து அரசர் திருநாள்

காலை 10.40. பூசைக்குப் போனேன். இரண்டாவது வரிசை. அவர் வாசித்தார். நல்ல குரல்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். நன்மை வாங்கினேன். மரியாயின் சேனைத் தலைவி எனக்குப் பின்னால் நின்றார், முழங்கையைத் தொடவில்லை. ஜெனோவா போன் செய்து, அம்மா நீ இப்போது யார் என்று கிண்டல் செய்தாள். மனைவிதான், வேறு வீட்டில் இருக்கிறேன் என்றேன்.

வந்து இந்த டைரியை முதலிலிருந்து புரட்டினேன். நீதிபதி அம்மா புரட்டியது மாதிரி, ஒவ்வொரு தாளாக. இதிலும் மூன்று நாட்களுக்கு மணி இல்லை. இதை யாரும் படிக்கவில்லை, யாரும் கையை நீட்டவில்லை. அப்படியும் மூன்று.

வார்டில் தவறாக எழுதிய குறிப்பை அழிக்கக் கூடாது. கிழிக்கவும் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு, தாமதக் குறிப்பு என்று தலைப்பிட்டு, நடந்ததை மணியோடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றின் மேலும் கோடு போட்டுவிட்டேன்.

தாமதக் குறிப்பு, ஜூன் 23. மாலை 4.00. பயந்தேன். துவைக்கும்போது சோப்பு மூன்று முறை நழுவியது.

தாமதக் குறிப்பு, ஜனவரி 21. காலை 8.25. அவர் குரல் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் இருபத்துநாலு வயதில் சரி என்று சொன்னேன்.

தாமதக் குறிப்பு, ஏப்ரல் 18. காலை 5.10. தூங்கவில்லை. எல்லாத் துணியையும் பையில் அடுக்கி, செருப்புப் போட்டு, திரும்பிப் போக முதல் பஸ்ஸுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். 5.35க்கு பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். ஏறவில்லை.

அமலோற்பவம். நீல மை.